மூலை திரும்பாத ரேந்தை

கதவுக்கு அந்தப் பக்கம் செல்வராணி நின்றாள். இந்தப் பக்கம் நான் நின்றேன். பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்து சற்று நேரம் ஆகியிருக்கும். தெருவில் ஒரு சைக்கிள் மணிச் சத்தம்கூட இல்லை. குசினியில் உம்மா மீன் கழுவும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ரைஹானா, நான்தான்கா. கதவத் துற."

நான் திறக்கவில்லை. பலகைகளுக்கு நடுவே விரல் நுழையாத ஒரு வெடிப்பு இருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன். சேலைத் தலைப்பை இழுத்து, எங்கள் பெண்கள் போடுவதுபோல் முக்காடு போட்டிருந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். கணுக்கால் வரை மணல் ஒட்டியிருந்தது. பெரிய ரோட்டால் வராமல் கடற்கரையால் நடந்து வந்திருக்கிறாள்.

"ஹாஜரா ராத்தாட வீடு பூட்டிக் கிடக்கு. என்ட ரேந்தை உன்னட்ட இரிக்கா?"

அவளுடைய ரேந்தை என்னிடம்தான் இருந்தது. எனக்குப் பின்னால், முன்னறைக் கட்டிலுக்கு அடியில், ஒரு தலையணை உறைக்குள்.

இந்தப் பத்திரிகைத் தொடரில் எத்தனையோ பேரைப் பற்றி எழுதிவிட்டேன். ஒவ்வொரு கிழமையும் இந்தக் கதவை மட்டும் தள்ளிவைத்துக்கொண்டே வந்தேன். போன மாதம் நிந்தவூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். "உங்கள் கதைகளில் எல்லோரும் பிழை விடுகிறார்கள், நீங்கள் மட்டும் ஓரமாக நின்று பார்க்கிறீர்கள்" என்று. படித்தவுடன் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து அந்தக் கோபம் போய்விட்டது. அவர் சொன்னது உண்மை.

ஆகவே இந்தக் கிழமை கதவைப் பற்றி எழுதுகிறேன்.

பிஸ்கட் தகரம்

தொண்ணூறுகளின் தொடக்கம். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஹாஜரா ராத்தாவின் வீடு; ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா. சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே ஆறேழு பெண்கள் கூடி ரேந்தை பின்னுவோம். சங்கம், தலைவி, கூட்டக் குறிப்பு என்று ஒன்றும் கிடையாது. ராத்தாவின் வீட்டு விறாந்தையில் பாய் விரித்திருக்கும். பிளேன்ரீ வரும். அவ்வளவுதான்.

சட்டையின் கழுத்திலும் தலையணையின் ஓரத்திலும் படுக்கை விரிப்பின் விளிம்பிலும் வைத்துத் தைக்கும் நூல் வேலையைத்தான் ரேந்தை என்போம். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் என்று படித்தவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அது ராத்தா வீட்டுச் சொல்.

முனையில் கொக்கி உள்ள ஊசிதான் ஆயுதம். கடையில் வாங்கிய ஊசி ராத்தாவிடம் ஒன்றுதான் இருந்தது. மற்றவர்கள் எல்லோருக்கும் சைக்கிள் சில்லுக் கம்பியை வெட்டி, நுனியை அரத்தால் ராவிக் கொக்கியாக்கித் தந்தவர் ராத்தாவின் கணவர். அவர் சைக்கிள் திருத்துபவர். என் ஊசி கொஞ்சம் சொரசொரப்பாக இருந்ததால் நூலை அடிக்கடி பிய்த்துவிடும். என் குணமும் அதுதான் என்று ராத்தா சொல்வார்.

ராத்தா வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பின்னிக்கொண்டிருக்கும் ரேந்தையை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. எல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் தகரத்துக்குள் போய்விடும். வீட்டில் அடுப்புக் கரி படும், பிள்ளைகள் இழுக்கும் என்பது ஒரு காரணம். ஒருத்தியின் வேலையை மற்றவள் எடுத்துப் பார்த்துப் பழகலாம் என்பது இன்னொன்று. எங்களில் யாரிடமும் புத்தகம் இல்லை. தகரம்தான் புத்தகம்.

"கண்ணால களவெடுத்தா ஹலால்," என்பார் ராத்தா. "நூல இழுத்தா ஹராம்."

காரைதீவுக்காரி

செல்வராணி எங்களிடம் வந்து சேர்ந்தது வாப்பாவால். வாப்பா ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை பார்த்தார். செல்வராணியின் அம்மாவுக்கு முட்டு வருத்தம். மழை வந்தால் மூச்சு இழுத்து, பேசவே முடியாமல் போய்விடும். காரைதீவிலிருந்து தாயும் மகளும் மருந்துக்கு வருவார்கள். ஒருநாள் மருந்து எடுத்த பிறகும் அந்த அம்மாவுக்கு மூச்சு அடங்கவில்லை. பஸ்ஸில் ஏற்ற மனமில்லாமல் வாப்பா இருவரையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

உம்மா அந்த அம்மாவைச் சாய்மனைக் கதிரையில் இருத்தி, முதுகைத் தடவி, சுடுதண்ணீர் கொடுத்தார். அந்த அம்மா மூச்சுக்கு நடுவே "உங்கட கை நல்ல கை" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. உம்மா அதைப் பிறகு பலரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது செல்வராணியின் கைக்குட்டையை. அதன் நாலு ஓரத்திலும் சிப்பி சிப்பியாக ரேந்தை. நாலு மூலையிலும் அது வளைந்து திரும்பியது. மடிப்பில்லை, சுருக்கமில்லை. தண்ணீர் வளைவதுபோல் திரும்பியது.

"எங்க பழகின?" என்று கேட்டேன்.

மட்டக்களப்பில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கிப் படித்தபோது பழகியதாகச் சொன்னாள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. அடுத்த சனிக்கிழமை அவளை ராத்தா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வட்டம் எங்களுக்கு வரும். வீட்டு ஆண்களுக்குத் தொப்பி பின்னிப் பழகிய கைகள். அவளுக்கு வட்டம் வராது, சிப்பி வரும். ஆகவே நாங்கள் அவளுக்கு வட்டம் காட்டினோம், அவள் எங்களுக்குச் சிப்பி காட்டினாள். அவள் முதலில் பின்னிய தொப்பியை ராத்தா தூக்கிப் பார்த்துவிட்டு, "இது தலைக்கா, சோத்துச் சட்டிக்கா?" என்று கேட்டார். அதிகம் சிரித்தவள் செல்வராணிதான். அந்தத் தொப்பியை ராத்தா உண்மையிலேயே பல நாள் சோற்றுச் சட்டியில் போட்டு வைத்திருந்தார்.

மூலை

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டின் முன்னறை புதுத் தம்பதிக்கு. கலியாணத்துக்கு முன்பே அந்த அறைக்குக் கட்டில் வந்துவிடும். மாப்பிள்ளை வரும்வரை அதில் யாரும் படுக்கக் கூடாது. கலியாணத்தன்று ஊர்ப் பெண்கள் எல்லோரும் அறை பார்க்க வருவார்கள். வந்தவுடன் அவர்கள் கை போவது படுக்கை விரிப்பின் மூலைக்குத்தான்.

ரேந்தையை நேராகப் பின்னுவது பெரிய காரியமில்லை. மூலையில் திருப்புவதுதான் காரியம். அது தெரியாதவர்கள் மூலையில் ரேந்தையைக் கொசுவி மடித்துத் தைத்துவிடுவார்கள். சாய்ந்தமருதில் இருந்த அத்தனை விரிப்புகளும் கொசுவிய மூலைகள்தான். வந்த பெண்கள் மூலையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார்கள். அந்த ஒன்றும் சொல்லாமல் போவதுதான் தாங்காது.

அந்த வருடம் எனக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். முன்னறைக்குக் கட்டில் வந்துவிட்டது. முதிரை மரக் கட்டில். எனக்கு மூலை வேண்டியிருந்தது.

செல்வராணிக்கும் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். அவளும் ஒரு விரிப்புக்கு ரேந்தை பின்னிக்கொண்டிருந்தாள். மூன்று மூலை முடிந்திருந்தது. நாலாவது பக்கத்தைப் பின்னத் தொடங்கி நாலு விரல்கடை வந்திருந்தாள். நான் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்.

"மூலை கடைசிப் பாடம்கா. முதல்ல உன்ட கை ஒரே இறுக்கத்துக்கு வரோணும். இல்லாட்டி மூலை கோணிப் போகும்."

அவள் சொன்னது நியாயம் என்று இன்று தெரிகிறது. அன்று எனக்கு அது தட்டிக் கழிக்கிற சாட்டாகப்பட்டது. எங்களுக்குக் கற்றுத் தந்துவிட்டால் அவளுக்கு மட்டும் என்று ஒன்றும் மிஞ்சாது, அதனால் ஒளிக்கிறாள் என்று நினைத்தேன். ராத்தா வேறு, "அவ மூலையச் சீதனமாக் கொண்டு போகப் போறா" என்று பகிடிக்குச் சொன்னார். பகிடி எனக்குள் போய்ப் பகிடியாக இருக்கவில்லை.

நான் செய்தது

ஒரு சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு, பாய் சுருட்ட உதவுவதுபோல் நின்று, தகரத்திலிருந்து செல்வராணியின் ரேந்தையை எடுத்துக் கொண்டுவந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமைக்கு முதல் திருப்பி வைத்துவிடலாம் என்பது எண்ணம்.

மறுநாள் பகல் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் இருந்தேன். ஒரு கொப்பியும் பென்சிலும் வைத்துக்கொண்டேன். ரேந்தையைக் கடைசியாகப் பின்னிய கண்ணிலிருந்துதான் பின்னோக்கி அவிழ்க்கலாம். நாலு விரல்கடையை அவிழ்த்தேன். அது எனக்குத் தெரிந்த வேலை, சுகமாக வந்தது. பிறகு மூன்றாவது மூலைக்குள் நூல் போனது.

ஒவ்வொரு வரியாக இழுத்து, கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். அங்கே வரிகள் ஒன்றைவிட ஒன்று குறுகிப் போயின. நூல் பக்கவாட்டில் எங்கோ போய்க் கொழுவியிருந்தது. மெதுவாகத்தான் இழுத்தேன். திடீரென்று மூன்று வரி ஒன்றாக அவிழ்ந்து வந்துவிட்டது. கொப்பியில் எழுதியதற்கும் கையில் இருந்ததற்கும் சம்பந்தமே இல்லாமல் போனது.

திரும்பப் பின்னினேன். கோணியது. அவிழ்த்துப் பின்னினேன். மறுபடியும் கோணியது. என் சொரசொரப்பான ஊசியில் நூல் பஞ்சு பஞ்சாகக் கிளம்பிவிட்டது. கை வியர்வையில் வெள்ளை நூல் பழுப்பானது. நடுப்பகல் லுஹர் போய் அஸரும் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது இரண்டு மூலை.

எல்லாவற்றையும் தலையணை உறைக்குள் திணித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். வருகிற சனிக்கிழமை அவள் காலைப் பிடித்தாவது சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு அல்லாஹ் சாட்சி. அதைத் தவிர எனக்கு வேறு சாட்சி இல்லை.

அந்தச் சனிக்கிழமை வரவில்லை.

கதவு

அந்த நாட்களைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். எங்களிடம் மையித்துகள் வந்தன. அவர்களிடமும் பிணங்கள் விழுந்தன. முஸ்லிம்களின் சாய்ந்தமருதுக்கும் தமிழர்களின் காரைதீவுக்கும் இடையில் நடந்து போகிற தூரம்தான். அந்தத் தூரத்தை ஒரு கிழமையில் யாரும் நடக்க முடியாததாக ஆக்கிவிட்டார்கள். ராத்தா வீட்டைப் பூட்டிக்கொண்டு கல்முனைக்குள் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். வாப்பா ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தார்.

அப்போதுதான் செல்வராணி வந்து கதவைத் தட்டினாள்.

"என்ட ரேந்தை உன்னட்ட இரிக்கா?"

 பிடிபட்டுவிட்டேன் என்பதைத் தவிர வேறொன்றும் தலைக்குள் இல்லை. இந்த நேரத்தில் ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு ரேந்தைக்காகக் கடற்கரையால் நடந்து வருவாளா என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

"என்னட்ட இல்ல," என்றேன். "எனக்குத் தெரியா."

"கதவத் துறகா. ஒரு கதை கதைக்கோணும்."

கதவைத் திறந்தால் முன்னறை தெரியும். அறை தெரிந்தால் கட்டில் தெரியும். கட்டிலுக்கு அடியில் தலையணை உறை தெரியும். என் புத்தி அந்த வழியால்தான் ஓடியது.

"ஊர் நல்லமில்ல செல்வம். நீ போ. இனி இஞ்ச வராத."

அவள் உடனே போகவில்லை. வெடிப்பு வழியாக அவள் கையிலிருந்த செருப்பு மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் அது அசையாமல் இருந்தது. பிறகு "அப்ப சரி" என்றாள். மணலில் அவள் நடக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

குசினியிலிருந்து உம்மா, "ஆருகா அது?" என்று கேட்டார்.

"ஆருமில்ல உம்மா," என்றேன்.

நான் சொன்ன சொற்கள் வெளியே நின்றவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்பது எனக்கு விளங்கியது அன்றிரவு படுத்த பிறகுதான். ஊர் நல்லமில்ல, நீ போ, இனி வராதே. அந்தக் கிழமை எத்தனை கதவுகள் எத்தனை பேரைப் பார்த்து அதையே சொல்லியிருக்கும். அவள் தமிழ்ப் பெண் என்பதற்காக நான் கதவைத் திறக்கவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டு போயிருப்பாள். அப்படி இல்லை, உன்னுடைய மூலையைக் கெடுத்துவிட்டேன், வெட்கத்தில் சொன்னேன் என்று சொல்ல எனக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. சில நாளில், செல்வராணியின் தெருவிலிருந்தவர்கள் வள்ளங்களில் ஏறித் தெற்கே போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

அடுத்த வருடம் எனக்குக் கலியாணம் நடந்தது. விரிப்பின் மூலைகளைக் கொசுவித்தான் தைத்தேன். வந்தவர்கள் கிள்ளிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வினாயகபுரம்

அதன் பிறகு ஐந்தாறு வருடம் இருக்கும். என் மகளுக்குக் காய்ச்சல் என்று அக்கரைப்பற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தாள். பழசு, மஞ்சள் பிடித்துப் போயிருந்தது. ஓரத்தில் சிப்பிகள். மூலையில் அவை வளைந்து திரும்பின.

"இது ஆர் பின்னித் தந்த?"

"எங்கட ஊர் செல்வராணி அக்கா. முந்தித் தந்தவ. இப்ப அவ இதெல்லாம் செய்யிறல்ல."

அவள் ஊர் வினாயகபுரம் என்றாள். திருக்கோவிலுக்கும் தெற்கே, கடல் ஓரம்.

என் கணவர் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனார். எதற்கென்று அவரிடம் சொல்லியிருந்தேன்.  வழியில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் என் பையைக் குடைந்து, தலையணை உறையிலிருந்து ரேந்தையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான். அவனுக்கும் அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். மடித்தே திருப்பி வைத்தான்.

செல்வராணி ஒரு பூவரச மரத்தின் கீழ் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தாள். காலை நீட்டி, பெருவிரலில் வலையைக் கொழுவி, கிழிந்த இடத்தைப் பின்னிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கை நின்றது.

"வாங்க," என்றாள். "இரிங்க."

எங்களுக்குள் எப்போதும் நீ, வா, போதான். அந்த "வாங்க" போதுமாக இருந்தது. மரியாதை இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

நான் தலையணை உறையை அவள் முன்னால் வைத்தேன். அவள் ரேந்தையை வெளியே எடுத்தாள். இரண்டு மூலை முழுதாக இருந்தது. மூன்றாவது இருந்த இடத்தில் பஞ்சு பிடித்த பழுப்பு நூல் தொங்கியது.

"அப்ப உங்களிட்டத்தான் இருந்திருக்கு."

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதை ஒரே மூச்சில் சொன்னேன். தகரத்திலிருந்து எடுத்தது, அவிழ்த்தது, கெட்டது, கதவுக்குப் பின்னால் நின்றது. "நீ ஆரெண்டத்துக்காக நான் கதவத் துறக்காம உடல்ல செல்வம். வெக்கத்துல உட்டுட்டன்," என்றேன். இதைச் சொன்னால் அவள் மனம் ஆறும் என்று நினைத்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் போயிருந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. ரேந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மூலைக்கா?"

"ஓம்."

"நான் அண்டைக்கு ரேந்தைக்கு வரல்ல," என்றாள்.

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். மறுநாள் விடிய வள்ளத்தில் வெளிக்கிடுவதென்று அவர்கள் தெருவில் முடிவெடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு முட்டுக் கூடியிருந்தது. கடல்காற்றில் கொண்டுபோக முடியாது.

"உங்கட வாப்பா மருந்து குடுப்பாரே. உம்மா அம்மாவப் பார்த்தவதானே. மூணு நாலு நாளைக்கு அம்மாவ உங்கட வீட்ட விட்டுட்டுப் போகலாமோ எண்டு கேட்கத்தான் வந்தன். வந்து நிண்ட உடனே அதக் கேட்க எனக்கு வாய் வரல்ல. இவ்வளவு நடக்கக்குள்ள எப்பிடிக் கேட்கிற. அதான் முதல்ல ரேந்தையக் கேட்டன்."

"அம்மா?"

"வள்ளத்திலயே மூச்சு ஏலாமப் போயிட்டு. கரைக்கு வந்து ரெண்டாம் நாள் முடிஞ்சா. அந்த வருசம் வீட்டில நல்ல காரியம் செய்யக் கூடாதெண்டு கலியாணத்தத் தள்ளி வச்சம். அதுக்குள்ள அவர் வெளிநாடு போயிட்டார். அங்கயே கலியாணம் முடிச்சிட்டாராம்."

கடல் பக்கமிருந்து காற்று வந்து வலையை அசைத்தது. அவள் அதைக் காலால் அமர்த்திக்கொண்டாள்.

"இவ்வளவு நாளும் நீங்க எங்கட ஆக்கள் எண்டுதான் துறக்கல்ல எண்டு நினைச்சிருந்தன். அதெண்டா காலம் செஞ்ச வேலை எண்டு விடலாம். எல்லாரும் அப்பிடித்தானே நிண்ட. இப்ப நான் இத என்னெண்டு நினைக்கிற?"

 

அவள் தொங்கிய நூலின் நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தாள். ரேந்தை அவிழத் தொடங்கியது. அவிழ்ந்த நூலை இடது கை விரல்களில் சுற்றிக்கொண்டே போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"வேணா செல்வம். வச்சிரி."

"என்னத்துக்கு? இது ஒரு விரிப்புக்குப் பின்னினது. விரிப்பும் இல்ல, கட்டிலும் இல்ல. நூல் நல்ல நூல்."

இரண்டாவது மூலை வந்தது. நான் கண் இமைப்பதற்குள் அது நூலாகிவிட்டது. பிறகு நேர்ப்பக்கம், சிப்பி சிப்பியாக அவிழ்ந்து போனது. கடைசி மூலை வந்ததும் அவள் கை நின்றது. 

"இஞ்ச பாருகா," என்றாள்.

வாங்க, இரிங்க எல்லாம் போய்விட்டது. அவள் ஒவ்வொரு கண்ணாக, மெதுவாக, நான் பார்க்கும்படி அவிழ்த்தாள். இந்த வரியில் ஒரு சிப்பி குறையும். இதில் இன்னொன்று. இங்கே திரும்பி, குறைந்த வரிகளின் விளிம்பைக் கோர்த்துக்கொண்டு மறுபடி கூடும். சொல்லிச் சொல்லி அவிழ்த்தாள். பின்னோக்கிப் போனால் முன்னோக்கி விளங்கியது. நான் கேட்டுக்கொண்டிருந்த கடைசிப் பாடத்தை அப்படித்தான் படித்தேன்.

முடிந்ததும் நூலைப் பந்தாக்கி என் மடியில் வைத்தாள்.

"சுடுதண்ணியில நனைச்சு, கல்லுக் கட்டித் தொங்க விட்டா சுருள் போகும். மகளுக்கு ஏதாவது பின்னிக் குடு."

பிறகு வலையைக் காலில் கொழுவிக்கொண்டாள். நான் எழுந்து வந்தேன்.

முன்னறைக் கட்டில்

அவள் மன்னித்தாளா என்று என் கணவர் வழியில் கேட்டார். தெரியாது என்றேன். மூலை காட்டித் தந்தாள் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது உம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். நான் நிலத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரேந்தையைச் சொன்னபோது உம்மா திருவிக்கொண்டே இருந்தார். செல்வராணியின் அம்மாவைச் சொன்னபோது கை நின்றது.

"அண்டைக்கு நான் இஞ்சதானே நிண்ட," என்றார். "ஆருமில்லெண்டு சொன்னியே."

"ஓம் உம்மா."

உம்மா திருவிய தேங்காய்ப்பூவைக் கையால் ஒதுக்கினார், பிறகு கலைத்தார், மறுபடி ஒதுக்கினார். அந்த அம்மாவின் முதுகைத் தடவிய கை அது.

"முன்னறைக் கட்டில் அண்டைக்குச் சும்மாதானே கிடந்த," என்றார்.

இப்போது ஊரில் பலருக்கு மூலை தெரியும். கல்முனையிலிருந்து திரும்பிவந்த ஹாஜரா ராத்தாவின் விறாந்தையில் நான்தான் கற்றுக் கொடுத்தேன். யாரிடம் பழகினாய் என்று கேட்டவர்களிடம் செல்வராணியிடம் என்று மட்டும் சொன்னேன். அவள் கொடுத்த நூற்பந்து என் அலுமாரியில் இருக்கிறது. சுருள் இன்னும் போகவில்லை. நான் அதைச் சுடுதண்ணீரில் போடவில்லை.